குப்பைமேட்டில் ஒரு தகர எலி

பெங்களூர் சர்ச் தெருவில் உள்ள ஒரு பழைய புத்தகக் கடையில், "4 முதல் 7 வயது வரை" என்று எழுதி ஒட்டியிருந்த தட்டில், வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கும் அமுக்கினால் மாடு கத்தும் அட்டைப் புத்தகங்களுக்கும் நடுவில் ரஸ்ஸல் ஹோபன் எழுதிய 'தி மவுஸ் அண்ட் ஹிஸ் சைல்ட்' நாவல் செருகப்பட்டிருந்தது. அட்டையில் கைகோத்து நிற்கும் இரண்டு பொம்மை எலிகளைப் பார்த்துவிட்டு யாரோ அதை அங்கே வைத்திருக்க வேண்டும். உள்ளே இருபது பக்கம் புரட்டியிருந்தால் வைத்திருக்கமாட்டார். முதுகு பிரிந்து ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்த அந்தப் பிரதிக்கு 220 ரூபாய் கொடுத்தேன். எம்.ஜி. சாலையில் மெட்ரோ ஏறி அல்சூரில் இறங்குவதற்குள் முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டேன். ஒன்பது வயது மகளுக்கு இதைப் படித்துக்காட்டலாமா என்ற தயக்கமும் அந்த இரண்டு நிலையத் தூரத்திலேயே தொடங்கிவிட்டது.

நாவல் 1967-இல் வெளிவந்தது. ஹோபன் அமெரிக்கர், என்னிடம் உள்ள பதிப்பில் படங்களை வரைந்திருப்பவர் அப்போது அவருடைய மனைவியாக இருந்த லில்லியன் ஹோபன். சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றி ஆடும் ஒரு தகர எலி, தன் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. பொம்மை என்று பார்த்தால் அவ்வளவுதான் அதன் வேலை. கடையில் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு யானையும், மூக்கில் பந்தைச் சுழற்றும் ஒரு கடல்நாயும், ஒரு பெரிய பொம்மை மாளிகையும் இருக்கின்றன. யானை தனக்கு அம்மாவாக வேண்டும், அந்த மாளிகையே வீடாக வேண்டும் என்று எலிப்பிள்ளை ஆசைப்படுகிறது. சாவி பொம்மைகளுக்கென்று சட்டங்கள் உண்டு. வேலை நேரத்தில் அழக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. விற்கப்பட்டு ஒரு வீட்டுக்குப் போய்ச் சில கிறிஸ்துமஸ்கள் கழிந்த பின், பிள்ளை அந்தச் சட்டத்தை மீறி அழுகிறது, அந்தச் சத்தத்தில் மிரண்ட பூனை ஒரு பூச்சாடியைத் தள்ளிவிடுகிறது, நசுங்கிய எலிகள் இரண்டும் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. இதுவரைக்கும் நடப்பது முதல் அத்தியாயம்தான்.

தொட்டியிலிருந்து அவர்களை எடுப்பவன் ஒரு நாடோடி. தன்னால் முடிந்த மட்டும் வளைத்து நிமிர்த்திச் சாவி கொடுத்துப் பார்க்கிறான். பழைய வட்ட ஆட்டம் வரவில்லை. தந்தை நேராக நடக்கிறது, அதன் கையோடு கை கோத்திருக்கும் பிள்ளை பின்புறமாக நடக்கிறது. நாடோடிகளாகவே இருங்கள் என்று சொல்லிச் சாலையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இந்தப் பின்நடை எனக்கு ஒரு வாரத்துக்கு மனத்தை விட்டு அகலவில்லை. கதை முழுக்க அந்தப் பிள்ளைக்குத் தான் போகுமிடம் தெரியாது. விட்டுவந்த வழியும் அப்பாவின் முகமும் மட்டுமே தெரியும். அப்பாவுக்கோ முன்னால் வரும் எலி, பள்ளம், பருந்து எல்லாம் தெரியும், ஆனால் நிற்கவோ திரும்பவோ அதனால் முடியாது. ஒரு சாவிப் பொம்மை சரியாகப் பழுது பார்க்கப்படவில்லை என்ற சின்ன இயந்திரக் கோளாற்றைக் கொண்டு, தகப்பனும் பிள்ளையும் ஒரு வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அங்கிருந்து குப்பைமேடு. அதன் அதிகாரி மேனி ராட் என்ற எலி; அழுக்கேறிய பட்டுத்துணித் துண்டு ஒன்றை உடம்பில் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டு, சீமான் வீட்டு அங்கியைப் போல அணிந்திருப்பவன். உடைந்த சாவிப் பொம்மைகளைப் பொறுக்கியெடுத்து, ஓட வைத்து, இரை தேடவும் சுமை இழுக்கவும் அடிமைகளாக வைத்திருக்கிறான். அவற்றில் ஒரு கிழட்டுக் கழுதை இனி முடியாது என்று முனகுகிறது. மேனி ராட் கோபப்படுவதில்லை. ஒரு கல்லை எடுத்து அதை உடைத்து, உள்ளேயிருந்து பயன்படக்கூடிய உதிரிப் பாகங்களை எடுத்துக்கொள்கிறான். அந்த இடத்தை உரக்கப் படித்து முடித்தபோது மகள் போர்வையை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"அப்பா, அந்தக் கழுதை என்ன தப்பு பண்ணுச்சு?"

"முடியலைன்னு சொல்லுச்சு."

"அதுக்கா?"

அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்ததும் கதையைத் தொடரச் சொன்னவள் அவளேதான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் புத்தகத்தை வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, பிள்ளை பயப்படுமா என்பதுதான். பயப்படும். ஆனால் அந்தப் பயம் பேய்க்கதைப் பயம் அன்று. விளக்கை அணைக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் எட்டிப் பார்க்கவுமில்லை. உடைந்த பொம்மைகள் எங்கே போகின்றன என்று கேட்டாள்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. காலையில் குப்பை வண்டி தெருமுனையில் நின்று குரல் கொடுக்கும்போது "ஹசி கச" ஒரு வாளியில், "ஒண கச" இன்னொரு பையில் என்று நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று தமிழில் சொல்வதற்கு முன்பே என் மகளுக்கு அந்தக் கன்னடச் சொற்கள் தெரியும். சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கிய ஒரு தகரக் கோழி எங்கள் வீட்டில் இருந்தது. சாவி கொடுத்தால் தரையைக் கொத்திக்கொண்டே நகரும், இப்போது கொத்துவதில்லை. அது ஒண கசப் பைக்குள் போய் மூன்று நாளாகியிருந்தது. கழுதை செத்த மறுநாள் அவள் அதை வெளியே எடுத்து, கழுவி, துடைத்து, என் மேசைமேல் வைத்தாள். வேறு வழியில்லாமல் திருகாணியைக் கழற்றி இருவருமாக அதைத் திறந்து பார்த்தோம்.

வயிற்றுக்குள் இருந்தது ஒரு விரற்கடை அகலங்கூட இல்லாத எஃகு நாடா, சுருள் சுருளாக. சாவியைத் திருகும்போது அந்த நாடா இறுகுகிறது. தளரும்போது அதன் விசை பற்சக்கரங்கள் வழியாக அலகுக்கும் காலுக்கும் போகிறது. முழுக்கத் தளர்ந்ததும் கோழி நின்றுவிடுகிறது. எங்கள் கோழியில் நாடாவின் உள்முனை துருப்பிடித்து அறுந்திருந்தது. "அப்ப இதுவா சாவியைத் திருகிக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியாது, சாவி அதன் விலாவில் இருக்கிறது, அதற்குக் கையே கிடையாது. நாவலில் எலிப்பிள்ளையின் மூன்றாவது ஆசை இதுதான். அம்மா வேண்டும், வீடு வேண்டும் என்பவற்றோடு, தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது.

சொந்த எண்ணம் இல்லாமல் பிறர் சொல்படி ஆடுகிறவரைத் தமிழில் "சாவி கொடுத்த பொம்மை" என்கிறோம். வசைச்சொல்லாகவே அதைப் பழகியதால், அந்தப் பொம்மையின் பக்கமிருந்து நாம் யோசித்ததில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். எப்போது எழ வேண்டும், எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், வாடகை வீட்டை விட்டு எந்த மாதம் கிளம்ப வேண்டும் எல்லாம் வேறொருவர் திருகும் சாவி. பொம்மைக்கு உயிர் கொடுத்துவிட்ட எந்தக் கதையும் இந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். உயிர் இருக்கிறது, ஆனால் அது இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர் மறந்துபோனாலும் வளர்ந்துபோனாலும் கதை முடிந்தது. இருட்டு பொம்மையின் வயிற்றுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது என்பதை ஹோபன் தெரிந்துவைத்திருக்கிறார். தனியாக ஒரு பூதத்தைக் கொண்டுவர அவருக்குத் தேவைப்படவில்லை.

மற்ற எழுத்தாளர்களும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். தாண்டிய விதம்தான் வேறு. ஆண்டர்சனின் ஒற்றைக்கால் தகரச் சிப்பாய் (1838) அடுப்பில் உருகி, இதய வடிவில் ஒரு துண்டுத் தகரமாக மிஞ்சுகிறான். காரணமே இல்லாமல் ஒரு சிறுவன் அவனைத் தூக்கி அடுப்பில் போடுகிறான். மார்ஜரி வில்லியம்ஸின் வெல்வெட் முயல் (1922), அதை வைத்திருந்த பையனுக்குச் செங்காய்ச்சல் வந்து தணிந்ததும், கிருமி ஒட்டியிருக்கும் என்று எரிப்பதற்காகச் சாக்கில் கட்டி வைக்கப்படுகிறது. அதன் கண்ணீரிலிருந்து ஒரு தேவதை வந்து காப்பாற்றும் இடத்தில் என் மகள் கொட்டாவி விட்டாள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் வந்த டாய் ஸ்டோரி படத்தின் மூன்றாம் பாகத்தில் பொம்மைகள் எல்லாம் கைகோத்துக்கொண்டு எரியுலையைப் பார்த்துச் சரியும் காட்சி இவை எல்லாவற்றையும்விட அச்சுறுத்துவது. ஆனால் மேலிருந்து ஓர் இரும்புக் கை வந்து தூக்கிக்கொள்கிறது. ஹோபனிடம் தேவதையும் இல்லை, இரும்புக் கையும் இல்லை. எலிகளுக்கு யார் உதவினாலும் அவர்கள் குறி சொல்லும் ஒரு தவளையைப் போல ஏதோ ஒரு சுயநலமும் கொஞ்சம் கோழைத்தனமும் உடையவர்கள்தாம், அந்த உதவிக்கு ஏதோ ஒரு விலையும் இருக்கிறது.

நம் வீடுகளில் பொம்மைகளை உயிருள்ளவையாக நடத்துவது புதிதில்லை. என் அம்மா ஒவ்வொரு நவராத்திரியிலும் பரணிலிருந்து பெட்டியை இறக்கியதும் முதலில் வெளியே எடுப்பது, அவருடைய கல்யாணத்தின்போது திருப்பதியில் வாங்கித் தந்த செஞ்சந்தன மரப்பாச்சி ஜோடியைத்தான். அதற்குத் துணி உடுத்தாமல் படியில் வைத்ததில்லை. விஜயதசமி இரவில் ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துவிட்டுத்தான் கொலுவை எடுக்கத் தொடங்குவார். மூக்கு உடைந்த மண் பொம்மையைப் படியில் வைக்கவும் மாட்டார், வெளியே போடவும் மாட்டார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்துவிடுவார். உடைந்தவற்றுக்கென்று அந்தப் பெட்டியில் ஓர் அடுக்கே இருக்கிறது. நாவலின் குப்பைமேட்டைப் பற்றி மகள் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டி, அந்த ஊர்ல யார் வீட்லயும் பரண் கிடையாதா?"

கதை மரபிலும் நமக்குப் பேசும் பதுமைகள் பழக்கம். விக்கிரமாதித்தன் சிங்காதனத்தின் 32 பதுமைகளும் போஜராஜனை நிறுத்தி நிறுத்திக் கதை சொல்கின்றன. அவை சாபம் பெற்றவை, விமோசனத்துக்காகக் காத்திருப்பவை. அந்த வகையில் அவற்றுக்கும் ஓர் இருட்டு உண்டு. ஆனால் அவற்றுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, நாம் அவற்றிடம் கேட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறோம். 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலிலும் உயிர்பெற்ற மரப்பாச்சிதான் சிறுமிக்குத் தைரியம் சொல்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைகளிடமே பேசும் கதை அது. அதில் இருட்டு மனிதர்களிடம் இருக்கிறது, பொம்மை வெளிச்சத்தின் பக்கம் நிற்கிறது. அதன் தேவை வேறு, அதை அது நன்றாகவே நிறைவேற்றுகிறது. பொம்மையே பயந்து, அழுது, துருப்பிடித்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் கதை தமிழில் என் கண்ணுக்குப் படவில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு இருட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை 180 பக்கத்துக்கு மேல் ஏன் போக வேண்டும் என்றால், வியப்புக்காக. கதையில் போன்சோ என்ற நாய் உணவின் தகர டப்பா ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. டப்பாவின் மேல் ஒட்டிய படத்தில் ஒரு நாய் தட்டு ஏந்தி நிற்கிறது. தட்டில் அதே டப்பா. அந்த டப்பாவின் படத்தில் அதே நாய் அதே தட்டோடு. அப்படியே சிறுத்துச் சிறுத்துக் கண்ணுக்கு எட்டும் கடைசி நாய் வரை. அந்தக் கடைசி நாய்க்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் கதையின் கேள்வி. குளத்தின் அடிச்சேற்றில், எப்போது வெளியே வருவோம் என்று தெரியாமல் எலிகள் நின்றுகொண்டிருக்கும்போது, அந்தப் படம் பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அது அங்கே எதைக் கண்டது என்பதை நான் சொல்லப்போவதில்லை. நாவலில் மிகச் சிறந்த பக்கங்கள் அவை, ஒரு பிள்ளையும் அதைப் படிக்கும் பெரியவரும் ஒரே சமயத்தில் வாயடைத்துப்போகும் பக்கங்கள்.

மறுநாள் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் அது நடந்தது. இரண்டு பக்கமும் எதிரெதிரே கண்ணாடி பதித்த லிஃப்ட். ஐந்து வருடமாக அதில் ஏறி இறங்குகிறோம். நான்காம் மாடிக்கு வந்து கதவு திறந்தும் அவள் இறங்கவில்லை. புத்தகப் பையை ஒரு தோளில் மாட்டியபடி, கண்ணாடிக்குள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் தன்னையே எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்குமேல் பச்சை நிறமாகி மங்கிவிடுகிறதாம். கதவு மூடி, நாங்கள் மறுபடி கீழ்த்தளத்துக்குப் போய், காய்கறிப் பையோடு காத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு மேலே வந்தோம். முடிவிலி என்ற சொல்லை அன்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்வதற்கு இடமே வரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடுப்பகுதி இழுக்கிறது. காகங்கள் நடத்தும் நாடகக் குழு பெரியவர்களுக்கான நையாண்டி. நவீன நாடகத்தைக் கேலி செய்யும் அந்த வசனங்களில் எனக்குச் சிரிப்பு வந்தது, மகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். கணக்குப் போட்டே உலகை விளக்கிவிட நினைக்கும் நீரெலியின் அத்தியாயத்தையும் பாதியாகக் குறைத்திருக்கலாம். யானையின் விஷயம் இன்னும் உறுத்துகிறது. கடையில் அத்தனை மிடுக்கோடு பேசியவள், துணிப்போர்வை உரிந்து குப்பைமேட்டில் சுமை இழுப்பவளாகத் திரும்பி வரும் இடம் நெஞ்சை அடைக்கிறது. அதற்குப் பிறகு அவள் மீட்கப்பட வேண்டியவள், அம்மாவாக வேண்டியவள் என்பதோடு நின்றுவிடுகிறாள். அவளுடைய பயணத்தை அவள் வாயால் கேட்க நமக்குக் கிடைப்பது கொஞ்சமே.

ஆங்கிலம் கடினம். நான்காம் வகுப்புப் பிள்ளை தானாகப் படித்துவிடும் நடை இல்லை. நான் ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன், இரவுக்கு இருபது நிமிடம் என்று ஐந்து வாரம் ஆயிற்று. இதில் எதிர்பாராத சில வசதிகளும் உண்டு. எல்லைக்காகப் போரிடும் இரண்டு படைகளும் ஷ்ரூ என்ற சின்னஞ்சிறு விலங்குகள். நமக்கு அது மூஞ்சூறு. "பிள்ளையார் வண்டியெல்லாம் ஏன்பா சண்டை போடுது?" என்று தொடங்கிய சிரிப்பு, அந்தப் போரின் முடிவு வரை நீடிக்கவில்லை. மூஞ்சூறுகளை வீசல்கள் கொன்று தின்கின்றன. தமிழில் அதற்குப் பெயர் அகப்படாமல் கீரி என்று சொல்லிச் சமாளித்தேன். வயிறு நிறைந்து ஒன்றையொன்று கொஞ்சிக்கொண்டிருக்கும் அந்த ஜோடியை ஒரு கோட்டான் தூக்கிப்போகிறது. இத்தனை மரணங்களை ஒரே பக்கத்தில், யாரையும் திட்டாமல், யாருக்கும் அழாமல் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது குரலை மெலிதாக்காதீர்கள். எழுதியிருக்கிற நிதானத்திலேயே படித்தால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள்.

ஏழு வயதுக்குக் கீழே இதை வாங்கிக்கொடுக்க வேண்டாம். பிறந்தநாள் பரிசாகக் காகிதத்தில் சுற்றி, பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடவும் வேண்டாம். ஒன்பது, பத்து வயதில், படித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் 220 ரூபாய்க்கு இதைவிட நல்ல பண்டம் அந்தத் தெருவில் இல்லை. தானே சாவி கொடுத்துக்கொள்ளும் ஆசை எலிப்பிள்ளைக்கு நிறைவேறியதா என்று கேட்பவர்களுக்கு: நிறைவேறுகிறது, ஆனால் அதுவும் ஒருநாள் தளர்ந்து நிற்கிறது. அப்போது சாவியைத் திருக யார் இருக்கிறார்கள் என்பதில்தான் நாவல் முடிகிறது.

தகரக் கோழிக்கு வேறு நாடா கிடைக்கவில்லை. அது இப்போது அம்மாவின் கொலுப் பெட்டியில், மூக்குடைந்தவற்றின் அடுக்கில், துணி சுற்றப்பட்டு இருக்கிறது. மகள் புத்தகத்தை இரண்டாம் முறை, இந்தத் தடவை தானாகவே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். கழுதை வரும் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் ஒரு பழைய பேருந்துச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறாள். அங்கே வந்ததும் இரண்டு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் திருப்பிவிடுகிறாள்.